ஆளும் நேரமும்: பள்ளிகளில் ஆலோசனைத் திட்டம் நடத்துவது பற்றி

மே மாதம் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் தமிழ்நாடு முழுக்க மாணவர் மனநலம் பற்றிய பேச்சுதான். தொலைக்காட்சியில் மனநல மருத்துவர்கள் வருவார்கள். 104-ஐ அழையுங்கள், 14416-ஐ அழையுங்கள் என்று நாளிதழ்கள் உதவி எண்களைக் கட்டம் கட்டிப் போடும். ஜூனில் பள்ளி திறந்ததும் பேச்சு அடங்கிவிடும். நடுவில் எங்காவது அசம்பாவிதம் நடந்தால், அந்த வட்டாரத்துப் பள்ளிகளில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்து, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லோரையும் மைதானத்தில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசவைப்பார்கள். மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை வழங்கப்பட்டது என்று ஆண்டறிக்கையில் அது ஏறிவிடும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கல்லூரி மாணவர்களும் அடங்கிய எண் இது. ஆனாலும் பள்ளிகளைத் தூங்கவிடக் கூடாத எண். அதே சமயம், ஆலோசனை என்றாலே தற்கொலைத் தடுப்பு என்று சுருக்கிவிட்டால், ஆலோசகரைத் தேடி வரப்போகிற பெரும்பாலான பிள்ளைகளை மறந்துவிடுவோம். முதல் பீரியடில் தினமும் தூங்குகிறவன். அப்பா ஆசைப்பட்டார் என்று ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்ந்துவிட்டு இயற்பியல் வகுப்பைக் கண்டு நடுங்குகிறவள். காலாண்டு விடுமுறையில் வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்தது என்று தோழியிடம் மட்டும் சொன்னவள். கையில் கட்டியிருக்கும் சாதிக் கயிற்றின் நிறத்துக்காக அடி வாங்கியவன், அவனை அடித்தவன். இவர்களில் யாருக்கும் நோய் என்று ஒன்றும் இல்லை. பேசுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பள்ளி ஆலோசனையில் நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் அனுபவத்தையும், அண்மைக் காலத்தில் நடந்த ஆய்வுகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒரு பள்ளிக்கு முதலில் வேண்டியது, பிள்ளைகளோடு பேசுவதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஓர் ஆள். அடுத்தது, அந்த ஆளின் நேரத்தை வேறு வேலைகள் விழுங்கிவிடாமல் காக்கும் ஏற்பாடு. கையேடு, பயிற்சி, சுவரொட்டி, செயலி எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகு வருபவை. நாம் இதுவரை வரிசையைத் தலைகீழாகவே வைத்திருக்கிறோம்.

பாஸ்டன் முதல் கோத்தாரி வரை

இந்தத் துறையின் தொடக்கம் வேலை தேடிய இளைஞர்களிடம் இருக்கிறது. 1907-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஜெசி டேவிஸ் என்ற பள்ளி முதல்வர், கட்டுரை எழுதும் வகுப்பின் ஒரு பகுதியைப் பிற்காலத் தொழில் பற்றியும் நன்னடத்தை பற்றியும் மாணவர்கள் யோசிப்பதற்கென்று ஒதுக்கச் செய்தார். 1908-இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். உன்னை அறி, தொழில்களை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்று அவர் சொன்ன மூன்று படிகள், அவர் மறைந்தபின் 1909-இல் நூலாக வந்தன. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் பதறிப்போன அமெரிக்கா, அறிவியல் திறன் உள்ள பிள்ளைகளைப் பள்ளியிலேயே கண்டெடுக்க வேண்டும் என்று மறுஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. ஆலோசகர்களுக்குப் பயிற்சி தர அந்தச் சட்டத்தின் கீழ் பணம் கொட்டியது. பள்ளிதோறும் ஆலோசகர் வந்தார்.

ஆனால் அவர் என்ன செய்தார் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. கால அட்டவணை போடுவது, தேர்வுத் தாள்களைக் கட்டி அனுப்புவது, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது, தாமதமாக வந்தவர்களுக்குச் சீட்டு எழுதுவது என்று கையில் கிடைத்த எல்லா வேலையும் அவர் தலையில் விழுந்தது. பாடம் எடுக்காத ஆள் சும்மா இருக்கிற ஆள் என்ற எண்ணம் எல்லா நாட்டுப் பள்ளிகளிலும் உண்டு போலிருக்கிறது. 1970-களில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் நார்மன் கைஸ்பர்ஸ் இதை மாற்ற முனைந்தார். ஆலோசகர் என்ற பதவியிலிருந்து யோசிக்கத் தொடங்காமல், ஒரு பள்ளியின் எல்லா மாணவர்களுக்கும் என்னென்ன கிடைக்க வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போடச் சொன்னார். அந்தச் சிந்தனையின் வழியில் அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 2003-இல் தன் தேசிய மாதிரித் திட்டத்தை வெளியிட்டது. 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர், அவருடைய நேரத்தில் 80 விழுக்காடு மாணவர்களோடும் மாணவர்களுக்காகவும் செலவாக வேண்டும் என்பவை அந்தச் சங்கம் வைக்கும் அளவுகள். அமெரிக்காவே இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை: 2022-23 கல்வியாண்டில் அங்கே சராசரியாக 385 மாணவர்களுக்கு ஒருவர். இருந்தாலும், நேரத்தைக் கணக்கில் கொண்டுவந்தது பெரிய காரியம்.

நம் நாட்டிலும் இந்த யோசனை பழையதுதான். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1952-53-லேயே பள்ளிகளில் கல்வி வழிகாட்டுதலும் தொழில் வழிகாட்டுதலும் வேண்டும் என்று வலியுறுத்தியது. 1954-இல் மத்திய அரசு அதற்கென ஒரு பணியகத்தையும் அமைத்தது. 1964-66-இல் கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு இன்னும் நடைமுறைக்கு உகந்த வழி சொன்னது: எல்லாப் பள்ளிக்கும் தனி ஆள் போட முடியாது என்றால், பத்து இடைநிலைப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகர் முறைவைத்துப் போய்வரட்டும், எளிய வேலைகளில் ஆசிரியர்கள் அவருக்குத் துணையாக இருக்கட்டும். அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. பத்துக்கு ஒன்று என்ற அந்தக் குறைந்தபட்சத்தைக்கூட நம் அரசுப் பள்ளிகள் பார்க்கவில்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சி.பி.எஸ்.இ. தன் இணைப்பு விதிகளில் ஆலோசகரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை 300 மாணவர்களுக்குக் குறைவாக உள்ள பள்ளிகள் மட்டும் பகுதிநேர ஆளை வைத்துக்கொள்ள முடிந்தது. 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள எந்தக் கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவரையாவது அமர்த்த வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கென ஒரு சட்டம் வரும்வரை இந்த நெறிமுறைகள் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. ஆக, வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. எப்படி என்பதுதான் மிச்சம்.

தமிழ்நாட்டில் இருப்பதும் இல்லாததும்

தமிழ்நாட்டு அரசு சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கொன்ற அதிர்ச்சிக்குப் பிறகு, உளவியலாளர்களோடு 10 நடமாடும் ஆலோசனை மைய வாகனங்கள் விடப்பட்டன. 2018-இல் 14417 என்ற கல்வி வழிகாட்டி எண் வந்தது. பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைக்கப்பட்டது. மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் உயர்கல்வி, வேலைவாய்ப்பு பற்றிய வழிகாட்டலை அரசுப் பள்ளி வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. பிளஸ் டூ முடித்தும் கல்லூரியில் சேராதவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்களை நான் பெரிதும் மதிக்கிறேன். 2022 அக்டோபரில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் 14416 மனநலச் சேவை தொடங்கியது.

இவற்றில் எதுவும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மாநிலத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகளும் மேல்நிலைப் பள்ளிகளும் சேர்ந்து ஏறக்குறைய 6,000. பத்து வாகனங்கள் என்றால் ஒரு வாகனத்துக்கு 600 பள்ளிகள். ஆண்டுக்கு 200 வேலைநாள் என்று வைத்து, நாளுக்கு ஒரு பள்ளி போனாலும் அதே பள்ளிக்குத் திரும்பி வர மூன்று ஆண்டாகும். முதல் நாள் அழுத பெண் அதற்குள் படிப்பை முடித்துப் போயிருப்பாள். தொலைபேசி எண்ணை அழைக்கத் தனி இடமும் தனி கைப்பேசியும் வேண்டும். ஒரே அறை வீட்டில், அண்ணனின் போனை வைத்துக்கொண்டு ஒரு பெண் யாரிடம் என்ன பேசிவிட முடியும்? பெட்டியில் விழுகிற கடிதத்தைப் படிப்பவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர் என்றால், ஆசிரியர் மீதான புகாரை எழுதத் தைரியம் வருமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அதில் சாதிக் கயிறு பற்றிய பரிந்துரைதான் பரபரப்பாகப் பேசப்பட்டது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்ற பதவியை உருவாக்க வேண்டும், கேலிவதை, போதைப்பொருள், பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு ஆகியவற்றை அவர் கவனிக்க வேண்டும் என்ற பரிந்துரை பின்னுக்குப் போய்விட்டது. என் பார்வையில் அந்த அறிக்கையின் உயிர்நாடியே அதுதான். அந்தத் தாக்குதல் ஒரே நாளில் முளைத்ததல்ல; அதற்கு முன்பே பள்ளியில் தொந்தரவு இருந்தது, அந்த மாணவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். வராத பையனைத் தேடிப் போய் ஏன் என்று கேட்பதை வேலையாகக் கொண்ட ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆசிரியரே ஆலோசகரா?

தனி ஆள் எதற்கு, ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நிதித்துறையில் மட்டுமல்ல, கல்வியாளர்களிடையேயும் இந்தக் கருத்து உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு நம் நாட்டிலேயே விடை தேடியிருக்கிறார்கள்.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் சங்கத் என்ற தொண்டு நிறுவனமும் ஆய்வாளர்களும் சேர்ந்து 'செஹெர்' என்ற ஆய்வை நடத்தினார்கள். 75 அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், உளவியல் பட்டம் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் முழுநேரமாக அமர்த்தப்பட்டார். இரண்டாவது பிரிவில் அதே வேலையை அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பயிற்சி பெற்றுச் செய்தார். மூன்றாவதில் வழக்கமான வளரிளம்பருவக் கல்வி மட்டும். காலை வணக்கக் கூட்டத்தில் பேசுவது, சுவர்ப் பத்திரிகை, கடிதப் பெட்டி, மாணவர் குழுக்கள், தனி ஆலோசனை என்று முதல் இரண்டு பிரிவுக்கும் திட்டம் ஒன்றே. 13,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். முடிவுகள் 2018-இல் 'லான்செட்' இதழில் வந்தன. தனி ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச்சூழல் மேம்பட்டது. மனச்சோர்வு, கேலிவதை, வன்முறை மூன்றும் குறைந்தன. இரண்டாம் ஆண்டில் பலன் இன்னும் கூடியது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

இதை ஆசிரியர்களின் குறையாகப் படித்தால் தவறு. எண்பது விடைத்தாள் திருத்தி, அரசின் எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றி, தேர்தல் பணிக்கும் போய்வருகிற ஒருவரிடம் இன்னொரு பொறுப்பைக் கொடுத்தால் முதலில் கைவிடப்படுவது அதுதான். இன்னொரு காரணம் ஆழமானது. மதிப்பெண் போடுகிற கையிடம் மனதைத் திறக்கப் பிள்ளைகள் தயங்குவார்கள். காலையில் வீட்டுப்பாடம் எழுதாததற்கு வெளியே நிற்கவைத்தவர், மதியம் 'உனக்கு என்னம்மா கஷ்டம்?' என்று கேட்டால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்?

ஐரோப்பாவில் பத்து நாடுகளின் 168 பள்ளிகளில் 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த 'செயில்' ஆய்வும் இதன் அருகில் வைத்துப் பார்க்கத்தக்கது. 2015-இல் வெளியான அதன் முடிவுப்படி, அறிகுறிகளைக் கண்டுகொள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த பள்ளிகளில் தற்கொலை முயற்சி குறிப்பிடும்படி குறையவில்லை. மாணவர்களோடு நேரடியாக நான்கு வாரங்களில் ஐந்து மணி நேரம், நடித்துக் காட்டியும் விவாதித்தும் மனநலம் பற்றிப் பேசிய பள்ளிகளில் ஓராண்டுக்குப் பின் புதிய தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாக இருந்தன. தற்கொலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசினால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று அஞ்சும் தலைமையாசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேர்ந்தவர்கள் முறையாகப் பேசினால் அது காக்கிறது.

எல்லாப் புது முயற்சியும் பலிக்கும் என்றும் இல்லை. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு, ஆசிரியர்களே வகுப்பில் தந்த மனக்குவிப்புத் தியானப் பயிற்சி வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பலன் எதையும் தரவில்லை என்று 2022-இல் சொன்னது. நம்மூரில் காலையில் ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொல்லிவிட்டு மனநலத் திட்டம் முடிந்தது என்று எண்ணுகிற பள்ளிகள் இதையும் தெரிந்துகொள்ளலாம்.

தில்லி அரசுப் பள்ளிகளில் நடந்த 'பிரைட்' ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதில் சோதித்தது ஒரு சிறிய ஆலோசனை முறை: சிக்கல் என்ன என்று பெயர் சொல்லு, செய்யக்கூடிய வழிகளை அடுக்கு, ஒன்றைச் செய்து பார். நான்கைந்து சந்திப்பு, இரண்டு மூன்று வாரம். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற பட்டதாரிகள். மாணவர்கள் தாங்களே முதன்மையாகச் சொன்ன சிக்கல்கள் தணிந்தன. மனநோய் அறிகுறிகளின் அளவு முதல் ஆறு வாரத்தில் பெரிதாக மாறவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதே திட்டத்தில் இன்னொன்றும் தெரியவந்தது: பள்ளி முழுக்கப் பொதுவாக விளம்பரம் செய்ததைவிட, ஆலோசகர் ஒவ்வொரு வகுப்பறைக்குள்ளும் போய் ஒரு பீரியட் பேசியபோது, உதவி கேட்டு வந்தவர்கள் பல மடங்கு கூடினார்கள். முகத்தைப் பார்த்த பிறகுதான் கால் அந்த அறைப் பக்கம் திரும்புகிறது.

எங்கிருந்து தொடங்குவது

ஆள் வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அவர் அறையில் உட்காரவே வேண்டாம். பள்ளியின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கட்டும். எந்த வகுப்பில், எந்தக் கிழமையில், எந்த மாதத்தில் பிள்ளைகள் வருவதில்லை? காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு திரும்பி வராதவர்கள் யார்? சென்ற ஆண்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் எங்கே போனார்கள்? பிளஸ் ஒன்னில் குரூப் மாற்றக் கேட்டவர்கள் எத்தனை பேர்? இவை எல்லாம் அலுவலகத்திலேயே இருக்கிற தாள்கள். பிறகு மாணவர்களிடம் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் இரண்டே கேள்வி: இந்தப் பள்ளியில் உனக்குப் பயமான இடம் எது? யாரிடமாவது கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது எது? கழிப்பறை, பேருந்து நிறுத்தம், மாடிப்படித் திருப்பம் என்று இடங்களின் பெயர்கள் வரும். அவற்றில் பாதிக்குத் தீர்வு ஆலோசனையில் இல்லை. ஒரு விளக்கும் தாழ்ப்பாளும் போதும். அதைக் கண்டு சொல்வதும் ஆலோசகர் வேலைதான்.

இதிலிருந்து அந்த ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று இலக்கு. அதற்கு மேல் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் இடைநிற்பதைக் குறைப்பது என்று ஒரு பள்ளி எடுக்கலாம். பதினெட்டு வயதுக்கு முன் ஒரு பெண்ணுக்கும் கல்யாணம் ஆகக் கூடாது என்று இன்னொரு பள்ளி எடுக்கலாம்.

ஆண்டின் ஓட்டம் பள்ளி நாட்காட்டியோடு சேர்ந்து போக வேண்டும். ஜூன், ஜூலையில் எல்லா வகுப்புக்கும் அறிமுகம். வேறு பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பிலும் பிளஸ் ஒன்னிலும் வந்து சேர்ந்தவர்களைத் தனியாகப் பார்த்தல். காலாண்டுக்குப் பின் மதிப்பெண் திடீரென்று சரிந்தவர்களைக் கவனித்தல். அரையாண்டு முடிந்து ரிவிஷன் தேர்வுகள் அடுக்கடுக்காக வரும் ஜனவரி, பிப்ரவரியில் வகுப்புப் பணிகளைக் குறைத்துத் தனிச் சந்திப்புகளைக் கூட்டுதல். மே மாதம் பள்ளிக்கு விடுமுறையானாலும் ஆலோசகருக்கு அது வேலை மாதம். அவருடைய விடுமுறையை வேறு மாதத்தில் கொடுத்துவிடலாம். தேர்ச்சி பெறாதவர்களின் பட்டியல் கைக்கு வந்த அன்றே ஒவ்வொருவர் வீட்டுக்கும் பேசி, துணைத்தேர்வு எழுதி அந்த ஆண்டே கல்லூரி சேரலாம் என்று சொல்ல வேண்டும். தேர்வில் தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே மீண்டும் எழுதும் இந்த ஏற்பாடு எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும் என்பது என் நம்பிக்கை. 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய 'சினேகா' போன்ற அமைப்புகள் பல்லாண்டாகச் சொல்லிவருவதும் இதைத்தான்: ஒரு கதவு மூடினால் அடுத்தது திறந்திருப்பது கண்ணில் பட வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்பில் முதல் பீரியடில் தூங்குகிற பையனை எடுத்துக்கொள்வோம். வகுப்பாசிரியர் திட்டிவிட்டார், பி.இ.டி. சார் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார், அப்பாவை அழைத்து வா என்றும் சொல்லியாகிவிட்டது, அப்பா வரவில்லை. ஆலோசகர் ஏன் தூங்குகிறாய் என்று கேட்பதில்லை. "நைட்டு சாப்பாடு எத்தனை மணிக்குப்பா?" என்கிறார். "பன்னெண்டரை ஆயிரும் சார். கடை எடுத்து வச்சிட்டுத்தான் சாப்பிடுவோம்." பரோட்டாக் கடையில் மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை மாவு பிசைகிறான். அப்பாவுக்குக் கால் முறிந்து நான்கு மாதம். இங்கே அறிவுரைக்கு இடமே இல்லை. அவனிடம் கேட்டுக்கொண்டு வகுப்பாசிரியரிடம் பேசுவது, கடைக்காரரைப் பார்த்து ஒன்பது மணியோடு அனுப்பச் சொல்வது, அப்பாவின் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பயன்படுமா என்று விசாரிப்பது, கல்வி உதவித்தொகைக்கு மனு எழுதுவது. இரண்டு வாரம் கழித்து மறுபடி அவனைக் கூப்பிட்டுக் கேட்பது. பெரும்பாலான ஆலோசனை இப்படி வீட்டுக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் நடக்கிற நடைதான்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமையாசிரியர் அறைக்குள் தடுப்புப் போட்டு மேசை கொடுத்தால் யாரும் வர மாட்டார்கள். ஆசிரியர் ஓய்வறையைக் கடந்து போக வேண்டிய இடமும் ஆகாது. நூலகத்துக்குப் பக்கத்திலோ விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்திலோ, பிள்ளைகள் வேறு காரணத்துக்கும் போய்வருகிற வழியில் இருக்கட்டும். உள்ளே நடப்பது தெரியக் கதவில் கண்ணாடி, பேசுவது கேட்காமல் இருக்கச் சுவர். பாதுகாப்புக்கும் அந்தரங்கத்துக்கும் இரண்டும் வேண்டும்.

முதல் சந்திப்பில் சொல்லியே ஆக வேண்டிய சொற்கள் உண்டு. "நீ சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, நீ இன்னொருத்தருக்கு ஆபத்து உண்டாக்கிடுவேன்னாலோ, உன்னை யாராவது தப்பா நடத்தினாங்கன்னாலோ நான் மத்தவங்ககிட்ட பேசித்தான் ஆகணும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் பேசுவேன்." பின்னால் வருகிற நம்பிக்கை முழுக்க இந்த ஒளிவுமறைவின்மையில் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது; தெரிவிக்காமல் மறைத்தால் 21-ஆம் பிரிவின் கீழ் தண்டனை உண்டு, நிறுவனத் தலைவருக்குக் கூடுதலாக. பள்ளியின் பெயர் கெடும் என்று சமாதானம் பேசி அனுப்புகிற பழக்கம் குற்றம் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு முதல் தாளாளர் வரை எல்லோரும் எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகே ஆலோசகர் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

குறிப்பேடு தனியாக, பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். எமிஸில் ஏறக் கூடாது. தேர்வு மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் 'ஆலோசனை பெறுபவர்' என்று எழுதக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகிறவரின் நடத்தைச் சான்றிதழில் அதன் நிழல்கூட விழக் கூடாது.

பள்ளியால் முடியாததை அனுப்பிவைக்க முகவரி தெரிந்திருக்க வேண்டும்: மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது, குழந்தைகள் நலக் குழு என்றைக்குக் கூடுகிறது. குழந்தைகள் உதவி எண் 1098 சுவரில் எழுதியிருந்தால் போதாது. ஆலோசகர் அந்த அலுவலகங்களுக்கு ஒருமுறை நேரில் போய் ஆட்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால், அவசர நாளில் ஒரு போனில் காரியம் நடக்கும்.

குரூப்பும் கனவும்

தொழில் வழிகாட்டுதல் இந்தத் திட்டத்துக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்ற குழப்பம் நம்மிடம் உண்டு. உள்ளேதான். பிளஸ் ஒன் சேர்க்கை நாளில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மேலிருந்து கீழாகக் குரூப்பைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அந்தப் பிள்ளைக்கு மனஅழுத்தம் என்று ஆலோசகரிடம் அனுப்புவதில் பொருளில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பேச்சு தொடங்க வேண்டும். ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் தோற்றவர்கள் போகிற இடம் என்ற எண்ணத்தை உடைக்க வேண்டும். மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் ஆகியவற்றை மாணவருக்குச் சொன்னால் மட்டும் போதாது. வீட்டில் முடிவெடுக்கும் தாய்மாமனுக்கும் பெரியப்பாவுக்கும் தெரிய வேண்டும். பெண்ணின் கல்யாணத்தை இரண்டு ஆண்டு தள்ளிவைக்க, அந்த மாதாந்திரத் தொகை பல வீடுகளில் உபதேசத்தைவிட வலிமையான வாதம்.

நாட்டத்தேர்வு என்ற பெயரில் அரை மணி நேரக் கேள்வித்தாளை நிரப்பச்செய்து 'உனக்கு வணிகவியல்தான்' என்று சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வியாபாரத்தைத் தனியார் பள்ளிகள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். தேர்வு பேச்சைத் தொடங்க உதவும், முடித்துவைக்கக் கூடாது.

நேரக் கணக்கும் பணிக்காலமும்

ஆசிரியர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லையா என்றால், அவர்கள் இல்லாமல் திட்டமே இல்லை. மாற்றத்தை முதலில் பார்ப்பது வகுப்பாசிரியரும் பி.இ.டி. ஆசிரியரும்தான், சில பள்ளிகளில் சத்துணவு அமைப்பாளர் அக்கா. அவர்கள் செய்ய வேண்டியது கண்டு சொல்வது. கண்டு சொன்ன பிறகு என்ன ஆனது என்று, அந்தரங்கம் கெடாத அளவுக்கு, அவர்களுக்கு ஒரு வரியாவது திரும்பச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

ஆலோசகரின் வாரத்தைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்வது தலைமையாசிரியரின் கடமை. வகுப்புகளில் இவ்வளவு மணி, தனிச் சந்திப்பு இவ்வளவு, பெற்றோர், வீட்டுக்குச் செல்லுதல், குறிப்பு எழுதுதல். மாற்று வகுப்பு பார்த்தல், தேர்வுக் கண்காணிப்பு, விழா ஏற்பாடு ஆகியவற்றுக்கு எத்தனை மணி போனது என்றும் ஒரு கட்டம் இருக்கட்டும். மாதக் கடைசியில் அந்தக் கட்டம் வீங்கியிருந்தால், திட்டம் கரைகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். எத்தனை பேருக்கு ஆலோசனை தரப்பட்டது என்ற எண்ணை மட்டும் மேலிடம் கேட்டால், மைதானக் கூட்டத்துக்கு வந்த எண்ணூறு பேரும் அதில் ஏறிவிடுவார்கள். கேட்க வேண்டியவை வேறு: வருகை கூடியதா, இடைநின்றவர்கள் குறைந்தார்களா, தானாக வந்து கதவைத் தட்டியவர்கள் எத்தனை பேர், இரண்டாம் முறை வந்தவர்கள் எத்தனை பேர்.

ஆலோசகரும் மனிதர். ஒரு நாளில் ஐந்து வீட்டுத் துயரத்தைக் கேட்கிறவருக்குத் தன் பாரத்தை இறக்கி வைக்க மூத்தவர் ஒருவர் வேண்டும். மாதம் ஒரு நாள் ஒன்றியத்து ஆலோசகர்கள் எல்லோரும் மாவட்ட மனநல மருத்துவரோடு கூடிப் பெயர் சொல்லாமல் சிக்கலான நேர்வுகளைப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். செலவு பேருந்துக் கட்டணமும் டீயும்தான்.

கடைசியாக நியமனம். எல்லாப் பள்ளிக்கும் உளவியல் முதுகலைப் பட்டதாரி கிடைக்க மாட்டார். நாளந்தா காட்டியபடி, நன்கு பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பட்டதாரி ஒருவரை, மேலே தகுதியுள்ள ஒரு மேற்பார்வையாளரோடு, அமர்த்தலாம். சமூகப் பணி படித்த எத்தனையோ பிள்ளைகள் நம் கல்லூரிகளிலிருந்து வெளிவந்து வேலையில்லாமல் இருக்கிறார்கள். சின்னப் பள்ளிகள் இரண்டுக்கு ஒருவர் என்றால், எந்தக் கிழமை எங்கே என்பது மாறவே கூடாது. ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஆள் எடுத்து, மே மாதம் அனுப்பிவிட்டு ஆகஸ்டில் வேறு ஆளைத் தேடுகிற முறையை மட்டும் இந்த வேலைக்குக் கொண்டுவரக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் பார்த்துப் பழகிய ஒருவரிடம் பதினொன்றாம் வகுப்பில்தான் பிள்ளை வாய் திறக்கும். ஆகவே குறைந்தது நான்கு ஆண்டுப் பணிக்காலம், ஆசிரியர் பணிக்கு இணையான சம்பளம், பாடவேளை இல்லை என்ற வரி ஆகிய மூன்றும் நியமன ஆணையிலேயே இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் நெறிமுறைகளை நிறைவேற்ற அரசு ஆணை எழுதும் அதிகாரிகளிடம் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் ஆசிரியர் சங்கங்களும் இந்த மூன்றையும் இப்போதே கேட்டு வாங்கலாம்.